யார் கணக்கில் வரவு வைப்பது?

கடவுளுக்குப் பயப்படாதவன் வேறு எதற்குப் பயப்படுவான்? நாத்திகர் ஒவ்வொருவரும் வாழ்நாளில் பலமுறை சந்திக்கும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் விரோதி அல்ல. பக்கத்து வீட்டுக்காரர், சம்பந்தி, கூட வேலை பார்ப்பவர். கேள்வியில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம். மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பு போய்விட்டால், திருடாமல் இருக்கவும் பொய் சொல்லாமல் இருக்கவும் மனிதனுக்கு என்ன காரணம் மிஞ்சும்? இதற்குத் தத்துவ நூல்களில் பதில் உண்டு. ஆனால் இந்தியாவில் ஒரு குடும்பம் பல பத்தாண்டுகள் வாழ்ந்து காட்டிய பதில் ஒன்றும் இருக்கிறது. அந்தப் பதிலை நேரில் விசாரித்தவர் சாதாரண ஆள் அல்ல. நாட்டிலேயே மிகப் பெரிய கடவுள் நம்பிக்கையாளரான காந்தி.

நாத்திகம் என்றதும் தமிழ் வாசகர்களுக்கு நினைவுக்கு வருபவர் ஈரோட்டுப் பெரியார். 1925ல் காங்கிரசை விட்டு வெளியேறி, காந்தியையும் எதிர்த்து நின்ற நாத்திகம் அவருடையது. அதே சென்னை ராஜதானியில், தெலுங்கு பேசும் மாவட்டங்களில், வேறு வகை நாத்திகம் ஒன்று வளர்ந்தது. அது கதர் கட்டியது. காங்கிரஸ் போராட்டங்களில் சிறைக்குப் போனது. காந்தியின் ஆசிரமத்துக்கே போய்த் தங்கியது. அதை வளர்த்தவர் கோபராஜு ராமச்சந்திர ராவ். சுருக்கமாக, கோரா. 1902 நவம்பர் 15ல், இன்று ஒடிசாவில் இருக்கும் கஞ்சம் மாவட்டத்துச் சத்ரபூரில், ஆசாரமான பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார். மதுரையிலும் கொழும்பிலும் கல்லூரி ஆசிரியராக இருந்தார்.

கோராவின் அவநம்பிக்கை சிரமம் இல்லாமல் வந்தது அல்ல. பூணூலைக் கழற்றியதும் தந்தையின் வீட்டில் இடம் இல்லாமல் போனது. நாத்திகத்தை வெளிப்படையாகச் சொன்னதற்காக 1933ல் காக்கிநாடாவில் கல்லூரி வேலை போனது. பத்து வயதில் அவருக்கு மனைவியாக வந்த சரஸ்வதி, கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தை வெளியே வந்து பார்த்தார். குழந்தை ஊனமாகப் பிறக்கும் என்று சுற்றி இருந்தவர்கள் பயமுறுத்திய காலம் அது. 1940ல் கோரா ஆசிரியர் தொழிலையே விட்டுவிட்டு, கிருஷ்ணா மாவட்டத்து முதுனூர் கிராமத்துக்குக் குடும்பத்தோடு போனார். அங்கே அந்த ஆண்டு ஆகஸ்டில் நாத்திக மையம் தொடங்கியது. எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதும், தீண்டாமையை எதிர்த்து எல்லா ஜாதியினரும் சேர்ந்து உண்பதும்தான் வேலை. 1947ல் மையம் விஜயவாடாவுக்கு இடம் மாறியது.

கோராவுக்கும் காந்திக்கும் தொடர்பு கடிதத்தில் தொடங்கியது. 1930ல் கோரா கேட்டது ஒரு எளிய கேள்வி: நீங்கள் கடவுள் என்று சொல்லும்போது எதைச் சொல்கிறீர்கள்? கடவுள் மனித அறிவுக்கு அப்பாற்பட்டவர் என்று சுருக்கமாகப் பதில் வந்தது. விவாதத்தை வளர்க்கக் காந்திக்கு விருப்பம் இல்லை. 1941ல் தன் கிராம வேலையைப் பற்றிச் சொல்லி, நேரில் வந்து பேச அனுமதி கேட்டார் கோரா. நாத்திகம் என்பது தன்னையே மறுப்பது, அதைப் பரப்பி இதுவரை யாரும் வெற்றி பெற்றதில்லை என்று காந்தி எழுதினார். கோரா அடைந்திருக்கும் வெற்றிக்குக் காரணம் மக்களிடையே அவர் செய்த நேர்மையான உழைப்புதானே தவிர நாத்திகம் அல்ல என்பது கடிதத்தின் சாரம். பேச நேரமில்லை என்றும் அதிலேயே சொல்லிவிட்டார்.

அந்தப் பதிலில் ஒரு கணக்கு முறை இருக்கிறது. நாத்திகர் ஒருவர் நல்லது செய்தால், அந்த வரவு நாத்திகத்தின் பெயரில் ஏறாது. அவருடைய உழைப்பின் பெயரில் ஏறும். அவரே தவறு செய்தால் பற்று யார் பெயரில் ஏறும்? உலகம் சந்தேகமில்லாமல் நாத்திகத்தின் பெயரில் எழுதும். பக்தர் விஷயத்தில் இது அப்படியே தலைகீழ். பக்தர் தர்ம ஆஸ்பத்திரி கட்டினால் அது பக்தியின் மகிமை. அதே பக்தர் கலப்பட எண்ணெய் விற்றால் அது மனித பலவீனம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பேரேடு இப்படியே எழுதப்பட்டு வருகிறது. இதில் காந்தியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் காலத்தில் எல்லோரும் வைத்திருந்த பேரேடு அது; இன்றும் பெரும்பாலானோர் வைத்திருப்பது. காந்தியின் தனிச் சிறப்பு, அந்தப் பேரேட்டைத் திரும்ப எடுத்துப் பார்க்கச் சம்மதித்ததுதான்.

1944 நவம்பரில் கோராவுக்கு சேவாகிராமத்தில் இடம் கிடைத்தது. கடவுள் இல்லாத மனிதரிடம் என்ன பேசுவது என்று காந்தி வேடிக்கையாகக் கேட்டதாக, பிறகு இந்தச் சந்திப்புகளைப் பற்றி எழுதிய சிறு நூலில் கோரா பதிவு செய்திருக்கிறார். நான் கடவுள் இல்லாதவன் அல்ல, நாத்திகன் என்றார் கோரா. வார்த்தை விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் சொன்னது இதுதான். கடவுள் இல்லை என்பது வெறும் மறுப்பு. நாத்திகம் என்பது அதற்கு மேல் ஒரு படி: தன் வாழ்க்கைக்குத் தானே பொறுப்பு என்று மனிதன் உணர்வது.

காந்தியிடம் கோரா எடுத்து வைத்த உதாரணம் 1943ம் ஆண்டு வங்கப் பஞ்சம். முந்தைய ஆண்டு கல்கத்தா வீதிகளில் அவர் பார்த்தது அது. இனிப்பும் பழமும் அடுக்கி வைத்த கடைகளின் வாசலிலேயே மக்கள் பட்டினியால் சுருண்டு விழுந்து செத்தார்கள். அதே இடத்தில் பசித்த மாடோ நாயோ இருந்திருந்தால், அடிபட்டாலும் வாய் வைத்துத் தின்றிருக்கும். மனிதன் ஏன் கை நீட்டவில்லை? தன் பட்டினியைத் தலைவிதி என்றும், கடைக்காரனின் செல்வத்தை அவனுக்குக் கடவுள் கொடுத்தது என்றும் ஏற்றுக்கொண்டதால்தான் என்பது கோராவின் முடிவு. கடைக்காரன் திறந்து கொடுக்காததற்கும், பசித்தவன் எடுத்துக்கொள்ளாததற்கும் ஒரே நம்பிக்கைதான் காரணம் என்றார். தீண்டாமையும் அதே விதியின் பெயரால்தான் நிலைத்திருக்கிறது. விதியை விட்டால் தீண்டாமை நிற்காது என்றும் வாதித்தார்.

இந்த வாதம் மனதைத் தைக்கும். ஆனால் முழுக்கச் சரியா? பஞ்சத்தில் சுமார் 15 லட்சம் பேர் இறந்ததாக அரசு நியமித்த விசாரணைக் கமிஷன் 1945ல் மதிப்பிட்டது. பொருளாதார நிபுணர் அமர்த்தியா சென் பிறகு செய்த மதிப்பீடு சுமார் 30 லட்சம். யுத்த காலத்து விலை ஏற்றம், கூலிக்காரனின் வாங்கும் சக்தி வீழ்ந்தது, பதுக்கல், அரசின் அலட்சியம் என்று சென் காட்டிய காரணங்களில் விதி நம்பிக்கை வராது. கிராமத்திலிருந்து நடந்து வந்து, எலும்பும் தோலுமாகக் கல்கத்தாவை எட்டியவனுக்குக் கடையை உடைக்கத் தெம்பு எங்கே இருந்திருக்கும்? அவன் உடைக்காமல் போனதற்கு நாத்திகம் தெரியாததுதான் காரணம் என்பது கோராவும் ஒரு பேரேடு வைத்திருந்தார் என்பதையே காட்டுகிறது. அவருடைய பேரேட்டில் உலகத்துக் கஷ்டங்கள் எல்லாம் கடவுளின் பற்று.

காந்தி கோராவின் வாதத்தை இடைமறிக்காமல் கேட்டார். அவர் சொன்ன பதில்தான் இந்தக் கதையின் முக்கியமான இடம். கோராவின் பேச்சில் ஒரு லட்சியம் தெரிவதாக ஒப்புக்கொண்டார். தன் ஆத்திகம் சரி என்றும் சொல்ல முடியாது, கோராவின் நாத்திகம் தவறு என்றும் சொல்ல முடியாது என்றார். இருவரும் சத்தியத்தைத் தேடுபவர்கள். தவறு என்று தெரியும்போது மாறிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும் என்பது அவருடைய நிலை. 1941ல் பேசவே நேரமில்லை என்றவர், மூன்றே ஆண்டுகளில் இந்த இடத்துக்கு வந்திருந்தார். அவருடைய பிரார்த்தனைக் கூட்டங்கள் நிற்கவில்லை, ராம நாமமும் குறையவில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் நடத்தைக்கு உரிய வரவை மட்டும் மறுக்காமல் எழுதினார்.

காந்திக்கு நாத்திகர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. 1891ல் லண்டனில் மாணவராக இருந்தபோது, இங்கிலாந்தின் புகழ் பெற்ற நாத்திகர் சார்லஸ் பிராட்லாவின் சவ அடக்கத்துக்குப் போனார். திரும்பும்போது ரயில் நிலையத்தில் ஒரு நாத்திகர், மரியாதை செலுத்த வந்திருந்த பாதிரியாரை வம்புக்கு இழுத்ததைப் பார்த்தார். நாத்திகத்தின் மேல் தனக்கு இருந்த வெறுப்பு அதனால் கூடியது என்று சுயசரிதையில் எழுதினார். ஆனால் அந்த நாத்திகர்களின் சத்தியப் பற்று அவரை விடவில்லை. 1931 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பேசும்போது, கடவுளே சத்தியம் என்று அதுவரை சொன்னதைத் திருப்பிப் போட்டு, சத்தியமே கடவுள் என்று தான் சொல்லத் தொடங்கியதன் காரணத்தை விளக்கினார். கடவுளை மறுப்பவர்கள்கூட சத்தியத்தை மறுப்பதில்லை என்பது அதில் ஒன்று. நாத்திகரும் உள்ளே வரும் அளவுக்கு வாசலை அகலப்படுத்தினார் என்று சொல்லலாம்.

அந்த பிராட்லாவின் கதை இங்கே பொருத்தமானது. நாத்திகனின் வாக்கை நம்பலாமா என்ற கேள்விக்கு ஒரு நாடாளுமன்றமே மாட்டிக்கொண்டு விழித்த கதை அது. 1880ல் நார்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்த அவர், கடவுள் பெயரால் பிரமாணம் எடுப்பதற்குப் பதில் உறுதிமொழி எடுக்க அனுமதி கேட்டார். மறுத்தார்கள். சரி, பிரமாணமே எடுக்கிறேன் என்றார். நம்பாதவன் எடுக்கும் பிரமாணம் செல்லாது என்று அதையும் தடுத்தார்கள். இடைத்தேர்தல்களில் திரும்பத் திரும்ப ஜெயித்து வந்து, 1886ல்தான் இருக்கையில் உட்கார முடிந்தது. 1888ல் அவர் முயற்சியால் சட்டம் மாறியது. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பொய்யாகப் பிரமாணம் எடுத்திருந்தால் அவருக்கு முதல் நாளே இடம் கிடைத்திருக்கும். நம்பாததை நம்புவதாகச் சொல்ல மாட்டேன் என்றதால்தான் ஐந்தரை ஆண்டு வெளியே நின்றார். நாத்திகனின் வாக்கு செல்லுமா என்று கேட்டவர்களுக்குப் பதில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

இந்திய அரசியல் சட்டம் அந்தச் சிக்கலை முதலிலேயே தீர்த்துவிட்டது. அமைச்சர்களும் உறுப்பினர்களும் கடவுள் பெயரால் பிரமாணம் எடுக்கலாம். உளமார உறுதி கூறவும் செய்யலாம். அரசியல் நிர்ணய சபையில் இன்னொரு சம்பவமும் நடந்தது. 1949 அக்டோபர் 17ல், சட்டத்தின் முகப்புரை கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். அவையில் கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள்தான் மிகப் பெரும்பான்மை. வாக்கெடுப்பில் ஆதரவு 41, எதிர்ப்பு 68. திருத்தம் தோற்றது. எதிர்த்தவர்களிலும் கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் இருந்தார்கள். நம்பிக்கை தனி மனிதரின் விஷயம், அதை எல்லோர் மேலும் திணிக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். நாத்திகர்களுக்கு இந்தக் குடியரசில் இடம் போட்டுக் கொடுத்தவர்கள் பக்தர்களே.

கோராவுக்கும் காந்திக்கும் வந்த உண்மையான பரீட்சை விவாதம் அல்ல, ஒரு கல்யாணம். கோராவின் மூத்த மகள் மனோரமா, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த அர்ஜுன ராவைத் திருமணம் செய்துகொள்ள முடிவு செய்தார். காந்தி மகிழ்ச்சியோடு சேவாகிராமத்தில் தானே நடத்தி வைப்பதாகச் சொன்னார். அந்தக் காலத்தில், மணமக்களில் ஒருவர் ஹரிஜனாக இருந்தால் தவிர ஆசிரமத்தில் திருமணம் இல்லை என்று அவர் விதி வைத்திருந்தார். கோராவுக்கு ஒரே ஒரு சங்கடம்: சடங்கில் கடவுளின் பெயர் வரும். அந்த இடத்தில் சத்தியத்தின் பெயர் வரட்டும் என்று காந்தி சம்மதித்தார். 1948 ஜனவரி 30ல் துப்பாக்கிக் குண்டு அவர் உயிரைப் பறித்தது. திருமணம் நிற்கவில்லை. 1948 மார்ச்சில் சேவாகிராமத்திலேயே நடந்தது. காந்தி சம்மதித்தபடி கடவுள் பெயர் இல்லாமல்.

அந்த மணப்பந்தலில் தோற்றது யார்? ஆத்திகமா, நாத்திகமா? இரண்டும் அல்ல. தோற்றது ஜாதி. நம்புகிறவரும் நம்பாதவரும் சேர்ந்து தோற்கடித்தார்கள். இதை நாத்திகத்தின் கணக்கில் எழுதுவதா, ஆத்திகத்தின் கணக்கில் எழுதுவதா என்று அடித்துக்கொள்வது வீண் வேலை. தன் மகளின் கல்யாணத்தைக் கொண்டு தன் கொள்கையை நிரூபித்த தகப்பனின் கணக்கிலும், தனக்குப் பிடித்த சொல்லை விட்டுக்கொடுத்த கிழவரின் கணக்கிலும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கழுத்தை நீட்டிய அந்தப் பெண்ணின் கணக்கிலும் எழுத வேண்டிய வரவு அது.

கோராவின் வீட்டில் இது ஒரு தடவையோடு நிற்கவில்லை. உப்புச் சத்தியாகிரக ஆண்டான 1930ல் பிறந்ததால் லவணம் என்று பெயர் பெற்ற மகன், தலித் கவிஞர் குர்ரம் ஜாஷுவாவின் மகள் ஹேமலதாவை மணந்தார். மருமகளாக வந்த ஹேமலதா லவணம் செய்த வேலை, கடவுளையும் ஒழுக்கத்தையும் பற்றிய பழைய கேள்விக்கு வேறொரு பக்கத்திலிருந்து பதில் சொல்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் பிறவித் திருடர்கள் என்று முத்திரை குத்திய எருகலர்கள் குடியமர்த்தப்பட்ட ஊர் ஸ்டூவர்ட்புரம். அந்த மக்களோடு அவர் 1970களிலிருந்து பழகி, திருட்டை விட்டு வெளியே வர வழி செய்தார். பிறகு நிஜாமாபாத் பக்கம் ஜோகினிகளிடையே வேலை செய்தார். ஜோகினி என்பவள் சிறு வயதிலேயே அம்மனுக்குப் பொட்டுக் கட்டப்பட்ட தலித் பெண். கட்டியது கடவுளுக்கு, அனுபவித்தது ஊர்ப் பெரிய மனிதர்கள். ஆந்திர அரசு 1988ல் இதைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. கடவுள் பயம் ஊரில் குறைவாக இருந்ததால் வந்த கொடுமை அல்ல இது. பயம் நிறையவே இருந்தது. அந்தப் பயத்தைக் கொண்டுதான் பெண்ணின் வாயை அடைத்தார்கள்.

இதையே நாத்திகர்கள் கொடியாகப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா மதத்தின் லட்சணத்தை என்று கேட்டால், எதிர்க் கேள்வியும் தயாராக இருக்கிறது. ஸ்டாலினின் ரஷ்யாவில் கோயில்களை மூடியவர்கள் சிறை முகாம்களைத் திறந்தார்கள். கடவுளை விரட்டிய இடத்தில் கட்சியை உட்கார வைத்தார்கள். தலைக்கு மேல் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற பயம் மட்டும் போகவில்லை. அவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை. இந்தியாவில் எந்த ஊரிலும், மேடையில் பகுத்தறிவு பேசி, வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும்போது உட்பிரிவு வரை விசாரிக்கும் நாத்திகரைப் பார்க்கலாம். விபூதியை விட்டவர் வரதட்சணையை விடவில்லை. அவருக்குக் கடவுள் இல்லாமல் போனதால் யாருக்கு என்ன லாபம்?

கோரா இந்த ஆபத்தை உணர்ந்தே இருந்தார். அவருடைய ஒழுக்கக் கொள்கையின் சாரம் ஒன்றுதான்: ஒளிவு மறைவு கூடாது. பக்தனுக்குத் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது; செய்த பாவத்துக்கு உண்டியலில் பணம் போடலாம், கங்கையில் முழுகலாம், மன்னிப்புக் கேட்கலாம். நாத்திகனுக்கு அந்த வசதி கிடையாது. யாருக்குத் தீங்கு செய்தானோ அவனிடமே போய் நின்றாக வேண்டும். பார்க்க மேலே யாரும் இல்லை என்பதால், பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கும்படி வாழ வேண்டும். ஒழுக்கம் சொர்க்கத்துக்கான டிக்கெட் அல்ல, சேர்ந்து வாழ்வதற்கான நிபந்தனை. இது மிகக் கடுமையான வழி என்பதை மறுக்க முடியாது. பலருக்கு இது முடியாது. முடியாதவர்கள் எல்லோரும் கோழைகளும் அல்ல.

இந்த இடத்தில் நாத்திகம் பணிவாகப் பேச வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது என்ன சொல்லும்? அவன் எங்கோ நன்றாக இருக்கிறான் என்று சொல்ல அதனால் முடியாது. பொய் சொல்ல மாட்டேன் என்பது பிராட்லாவிலிருந்து வந்த பிடிவாதம். மிஞ்சுவது பக்கத்தில் உட்காருவதும், அடுப்பு மூட்டிச் சோறு பொங்கிப் போடுவதும்தான். நல்ல பக்தர்களும் துக்க வீட்டில் இதைத்தான் செய்கிறார்கள். சொல்லும் வார்த்தை வேறு, கை செய்யும் வேலை ஒன்று. அந்தத் தாய் பூஜை அறைக்குள் போய் உட்கார்ந்தால், அதைத் தட்டிக் கேட்கும் உரிமை எந்த நாத்திகனுக்கும் கிடையாது.

மராட்டியத்தில் டாக்டர் நரேந்திர தபோல்கர் இந்த எல்லையைத் தெளிவாகப் போட்டுக்கொண்டு வேலை செய்தார். அவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனால் 1989ல் அவர் தொடங்கிய மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பு பக்தர்களையும் சேர்த்துக்கொண்டது. கடவுளை வணங்குபவரோடு சண்டை இல்லை. கடவுள் பெயரைச் சொல்லி ஏமாற்றுபவரோடுதான் சண்டை என்பது அதன் நிலை. நரபலி, பேய் ஓட்டுவதாகச் சொல்லி அடித்தல், அற்புதம் காட்டிப் பணம் பறித்தல் போன்றவற்றைத் தண்டிக்க ஒரு சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். 2013 ஆகஸ்ட் 20ம் தேதி காலை, புனேயில் நடைப்பயிற்சிக்குப் போனவரைச் சுட்டுக் கொன்றார்கள். சில நாட்களில் அவசரச் சட்டம் வந்தது. டிசம்பரில் சட்டசபை நிறைவேற்றியது. அவரைச் சுட்டதாக இருவருக்கு 2024 மே மாதம் புனே நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. உயிரோடு இருந்தவரை கிடைக்காத சட்டம், பிணம் விழுந்த பிறகு கிடைத்தது. அதனால் பாதுகாக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் கடவுள் நம்பிக்கை உள்ள ஏழைகள் என்பதைக் கொலையாளிகள் யோசித்திருக்க மாட்டார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் மதம் எது என்று சொல்லாதவர்கள் சுமார் 29 லட்சம் பேர். 121 கோடியில் இது கால் சதவீதம்கூட இல்லை. அதில் எல்லோரும் நாத்திகர்களும் அல்ல. எண்ணிக்கை சிறியது என்பதால் உரிமை சிறியது ஆகிவிடாது. எந்த மதமும் இல்லை என்று சொல்லும் உரிமை குடிமகனுக்கு உண்டு. படிவத்தில் மதத்தை எழுதச் சொல்லி அரசு கட்டாயப்படுத்தக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. மனசாட்சிச் சுதந்திரம் தரும் அரசியல் சட்டத்தின் 25வது பிரிவில் நம்பாமல் இருக்கும் சுதந்திரமும் அடங்கும் என்பது அதன் பொருள்.

ஆனால் தீர்ப்பில் கிடைத்த சுதந்திரத்தை அன்றாட வாழ்க்கையில் எடுத்துக்கொள்வது சுலபம் அல்ல. 1872ல் வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த சிவில் திருமணச் சட்டத்தின்படி, மணமக்கள் தாங்கள் இந்த மதம் இல்லை, அந்த மதம் இல்லை என்று வரிசையாக மறுத்து எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1954ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. மதம் இருப்பவரும் இல்லாதவரும் அவரவர் மனசாட்சியை விடாமலே திருமணம் செய்துகொள்ளலாம். ஆனால் 30 நாள் நோட்டீஸ் என்ற முள் அதில் இருக்கிறது. மணமக்களின் பெயர், விலாசத்தோடு பதிவாளர் அலுவலகத்தில் அது பலர் பார்க்க ஒட்டப்படுகிறது. ஜாதி மாறி, மதம் மாறி மணக்கத் துணிந்தவர்களைத் தேடி வருபவர்களுக்கு அதைவிட வசதியான தகவல் பலகை வேறு இல்லை. நோட்டீசை வெளியிடுவது மணமக்கள் விரும்பினால் மட்டும் போதும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னது. நாடு முழுவதற்குமான சட்டத்தின் வாசகத்தில் அந்த 30 நாள் அப்படியே இருக்கிறது.

ஆகவே கடவுளுக்குப் பயப்படாதவன் எதற்குப் பயப்படுவான் என்று கேட்பவர்கள், அந்த நோட்டீஸ் பலகையின் முன்னால் ஒரு நாள் நின்று பார்க்கலாம். அதில் பெயர் வந்திருக்கும் பெண்ணும் பையனும் கடவுளுக்குப் பயப்படுகிறார்களா என்பது யாருக்கும் தெரியாது. அவர்கள் மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் பயப்படுகிறார்கள். அவர்களை வெட்டக் கிளம்புபவர்களில் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுப் புறப்படுபவரும் உண்டு. எந்தக் கோயிலுக்கும் போகாமல் ஜாதியை மட்டும் கும்பிடுபவரும் உண்டு. அவர்களுக்குத் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிடுபவர்களும் இரு தரப்பிலும் இருப்பார்கள். கதவைத் திறந்தவரிடம் அந்த ஜோடி கடவுள் உண்டா இல்லையா என்று கேட்கப் போவதில்லை. உள்ளே போனதும் அவர்கள் கேட்பது, தாழ்ப்பாள் உறுதியாக இருக்கிறதா என்றுதான்.